தார்ச்சாலையின் நிலையை மதிப்பிடுவது எப்படி?

சாலை பழுதாகிவிட்டது என்று பலரும் உணர்வது குழி விழுந்த பிறகுதான். குழி கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே விரிசல்கள் தோன்றிவிடுகின்றன. அவற்றைப் படிக்கக் கற்றால் பாதி வேலை முடிந்தது.

1. சாலையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 230 சதுர மீட்டர். 7 மீட்டர் அகலச் சாலையில் ஏறக்குறைய 33 மீட்டர் நீளம். சீரான இடைவெளியில் சிலவற்றை மட்டும் ஆய்வுக்கு எடுங்கள். மோசமான இடங்களாகப் பொறுக்கினால் கணக்கே கோணலாகும். அளவு நாடா, சுண்ணக்கட்டி, 3 மீட்டர் நேர்ச்சட்டம், ஒளிரும் மேலங்கி ஆகியவை போதும்.

2. நடந்து பாருங்கள். மழை விட்டுச் சாலை காயும் நேரம் மிக நல்லது; விரிசல்களில் ஈரம் தங்கிக் கருங்கோடுகளாகத் தெரியும். ஒவ்வொரு பழுதுக்கும் வகை, கடுமை, பரப்பு மூன்றையும் எழுதுங்கள்.

சாலையின் குறுக்கே ஓடும் விரிசல் பெரும்பாலும் குளிரில் தார் சுருங்குவதால் வருவது. சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் போலப் பின்னிக் கிடந்தால் விஷயம் வேறு: பாரம் தாங்காமல் சாலையே களைத்துவிட்டது. அச்சுப் பாரம், அதாவது வண்டியின் ஓர் அச்சிலுள்ள சக்கரங்கள் சாலைமேல் ஏற்றும் எடை, இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதால், கனரக வாகனங்கள் செல்லும் தடத்தில் இதை முதலில் தேடுங்கள். ஓரத்தில் மட்டும் உடைந்திருந்தால் வடிகாலைப் பாருங்கள்.

3. தடப்பள்ளத்தை, அதாவது சக்கரங்கள் ஓடி ஓடி அமுங்கிய பள்ளத்தை, அளவிடுங்கள். நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்து இடைவெளியை அளவிடுங்கள். 6 முதல் 13 மில்லிமீட்டர் வரை லேசானது. 25ஐத் தாண்டினால் கடுமையானது. அதில் மழைநீர் தேங்கினால், வேகமாக வரும் வாகனம் பிடிப்பை இழந்து நீர்மேல் வழுக்கிச் செல்லும். தார் கசிந்து பளபளக்கும் இடங்களையும் தனியே குறியுங்கள். பார்க்க வழவழப்பாக இருக்கும், ஈரத்தில் ஆபத்தானது.

4. மதிப்பெண் இடுங்கள். பழுதே இல்லாத சாலைக்கு 100. ஒவ்வொரு பழுதுக்கும் உரிய கழிவை, அதாவது குறைக்க வேண்டிய மதிப்பெண்ணை, இந்த மதிப்பீட்டு முறைக்கென உள்ள அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டும். கழிவுகளை அப்படியே கூட்டக் கூடாது, பல கழிவுகள் சேரும்போது கூட்டுத்தொகையைச் சரிசெய்யும் திருத்த வளைகோடு உண்டு; அதை மென்பொருளிடம் விடுவதே நல்லது.

5. பழுதுபார்ப்பைத் தீர்மானியுங்கள். இரண்டு சாலைகளுக்கு ஒரே மதிப்பெண் வரலாம். ஒன்றில் குறுக்கு விரிசல் மட்டும் என்றால் அடைத்தால் போதும். மற்றொன்றில் முதலைத்தோல் விரிசல் என்றால், தோண்டி அடித்தளத்தைச் சரிசெய்யாமல் மேலே புதுத் தார் போடுவது வீண்செலவு.

ஆபத்தான குழிகளை உடனே மூடுங்கள். மற்றபடி, மிக மோசமான சாலைக்கே முதல் பணம் என்ற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. ஓரளவு நன்றாக இருக்கும் சாலைகளைக் குறைந்த செலவில் காப்பாற்றும் தருணம் அதற்குள் கடந்துவிடும்.