ராக் விழாவில் பதிவு செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஈஸ்டர் முடிந்த வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்புக்கு வரும் மூன்று பிள்ளைகள் ஃபோனும் கையுமாக வீட்டுக்கு வந்தார்கள். ஸ்பிளாஷி ஃபென் என்ற ராக் இசை விழாவுக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். "அங்கிள், பாட்டெல்லாம் எடுத்திருக்கோம், கொஞ்சம் கிளீன் பண்ணிக் கொடுங்க" என்றார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாமே கிட்டாரின் முதல் மீட்டலில் தொடங்கி டிரம்மின் கடைசி அடியில் நின்றன. நடுவில் இருந்ததெல்லாம் எங்கே என்று கேட்டேன். "சும்மா சத்தம்தானே அங்கிள், வெட்டிட்டோம்."

என் வயிற்றில் ஏதோ புரண்டது. 1997-இல் நான் செய்ததும் இதுதான்.

பேட்டரி தீர்ந்தது, மெமரி நிறைந்தது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். பட்ட பிறகும் தெரியாமலே போகும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

மேடைக்கு முன்னால் போய் நிற்பது

ஆடுவதற்கு அது நல்ல இடம், பதிவுக்கு ஆகாது. தரையில் வைத்திருக்கும், தாழ்ந்த ஒலி எழுப்பும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளின் அதிர்வில் ஃபோனின் மைக் திணறிவிடும். பாடுகிறவரின் குரல் கரகரப்பாகக் கேட்கும், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. சவுண்ட் மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அப்படித்தான் எல்லாவற்றையும் அமைக்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதே உங்களுக்கும் கிடைக்கும்.

வீடியோ எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். டிரம் குச்சி இறங்கிய பிறகு அடி கேட்பது அதனால்தான். ஃபோன் பழுது என்று நினைக்காதீர்கள், நொடிக்கு 30 ஃப்ரேம் வீடியோ என்றால், எடிட் செய்யும்போது ஒலியை மூன்று ஃப்ரேம் முன்னால் நகர்த்தினால் போதும்.

ஒலி அளவைக் கருவியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது

தானியங்கி முறையில் டிரம் ஒவ்வொரு முறை விழும்போதும் பாட்டு அமுங்கி எழும், மூச்சுவாங்குவது போல. கையால் வையுங்கள். மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.

காற்று

மைக்கின் மேல் ஒரு கம்பளிக் காலுறையை மாட்டுங்கள்.

"பாட்டு மட்டும் போதும்" என்று வெட்டுவது

ஸ்பிளாஷி ஃபென் 1990-இல் தொடங்கிய விழா. அண்டர்பெர்க் பக்கம், டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஒரு பண்ணையில், ஈஸ்டர் விடுமுறையில் நடப்பது. அந்த 1997-இல் பெரியப்பா மகன் தன் பக்கியில் (திறந்த பின்புறமுள்ள சிறிய பிக்கப் வண்டி) என்னை ஏற்றிக்கொண்டு போனார். ஹோவிக் தாண்டி, புல்வர் வழியாக, டர்பனிலிருந்து இரண்டரை மணி நேரம். என் மடியில் ஒரு கேசட் ரெக்கார்டர், பையில் இரண்டு 90 நிமிடக் கேசட்.

அண்ணன் பாட்டியிடம் வளர்ந்தவர். எங்கள் தலைமுறையில் வீட்டுக்குள் ஆங்கிலம் நுழைந்துவிட்டது, அவருக்கு மட்டும் பாட்டியின் தமிழ் நாக்கிலேயே தங்கிவிட்டது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, சென்னையிலிருந்து இங்கே நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களோடு வந்த தமிழ் அது. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். டிரம் அடித்தவனைக் காவடிக்கு மேளம் அடிப்பவர்களோடு ஒப்பிட்டார். மழை வந்தது, தார்ப்பாய்க்குள் நுழைந்தோம், அங்கேயும் பேசினார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த வேலை: இரட்டைக் கேசட் டெக்கில் போட்டு, பாட்டை மட்டும் வேறொரு கேசட்டுக்கு மாற்றினேன். அண்ணன் வாய் திறக்கும் இடத்திலெல்லாம் பாஸ் பட்டனை அழுத்தினேன். அவ்வளவு கவனமாக அழுத்தினேன். பிறகு மூலக் கேசட்டில் வேறு பாட்டைப் பதிய நினைத்தேன். அழியக் கூடாது என்று அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் விழாவிலிருந்து திரும்பிய இரவே நானே உடைத்து வைத்திருந்தேன். அந்த ஓட்டைகளின் மேல் செல்லோடேப் ஒட்டி, மேலேயே பதிந்தேன். புதுக் கேசட் வாங்கும் காசு மிச்சம் என்று நினைத்தேன்.

2009-இல் அண்ணன் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு அவர் மகள் கேட்டாள்: "சித்தப்பா, அப்பா குரல் உங்ககிட்ட ஏதாவது இருக்கா?" பாட்டை மட்டும் மாற்றி வைத்திருந்த கேசட்டை மூன்று முறை முழுக்க ஓட்டிப் பார்த்தேன். பி பக்கத்தில், நான்காவது பாட்டு தொடங்கும் முன், நான் பாஸை எடுக்கக் கொஞ்சம் முந்திவிட்ட ஓர் இடம் இருக்கிறது. "டேய், அந்த..." என்று அவர் குரல். அதற்குள் கிட்டார் வந்துவிடுகிறது. அவளிடம் கொடுக்க என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

அந்தப் பாட்டுகளை அந்தக் குழுக்களே ஸ்டுடியோவில் என்னைவிட நன்றாகப் பதிந்து கடையில் விற்றார்கள், வேண்டுமென்றால் இன்றும் தேடி வாங்கலாம். அந்தத் தார்ப்பாயின் மேல் விழுந்த மழையும், அதற்குள் பேசிய நேட்டால் தமிழும் என் டேப்பில் மட்டுமே இருந்தன. அதை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

எனவே இப்படிச் செய்யுங்கள். கேட்டில் நுழையும்போதே பதிவைத் தொடங்குங்கள், காருக்குத் திரும்பும்வரை நிறுத்தாதீர்கள். மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து, நகலை வெட்டுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான் ஆகும். மூன்று நாள் விழாவே ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கின் மூலையில் அடங்கிவிடும். கூட இருப்பவர்களிடம் பதிவு ஓடுகிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அரை மணியில் அதை மறந்து இயல்பாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

லேபிளில் "ஈஸ்டர், மழை" என்று எழுதுவது

ஈஸ்டர் ஆண்டுதோறும் வரும், அந்த மலையில் மழையும் வரும். என் கேசட்டின் ஆண்டை உறைக்குள் செருகியிருந்த நுழைவுச்சீட்டுத் துண்டுதான் காப்பாற்றியது. அதுவரை 1995 என்றே சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.

பழைய கேசட்டை எடுத்த எடுப்பில் ஓட்டுவது

முதலில் டெக்கின் ஹெட்டை (டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பகுதி) ஐசோபிரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பதிந்த கருவியின் ஹெட்டும் ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே சாய்வில் இல்லையென்றால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமாக இருக்கும். ஹெட்டின் ஓரத்திலுள்ள சிறிய திருகாணியை, சிம்பல் ஓசை தெளியும்வரை மெல்லத் திருப்ப வேண்டும். பலர் டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை எறிவது

கூடாது.

குழுவைக் கேட்காமல் பொதுவில் ஏற்றுவது

கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கு வருகிறேன். ஐஃபோனில் அழித்த வீடியோ உடனே போய்விடாது, "அண்மையில் அழித்தவை" பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். திறக்கச் சொன்னேன். இரண்டு பேருடையது அப்படியே இருந்தது, வெட்டாமல். மூன்றாமவன் அதையும் காலி செய்திருந்தான். கிடைத்ததில் ஒன்றைப் போட்டோம். பாட்டு முடிகிறது, கூட்டம் கத்துகிறது, பிறகு வீடியோ எடுத்த பெண்ணின் பாட்டி, பக்கத்திலிருந்தவரின் ஃபோனில் கூப்பிட்டிருக்கிறாள் போலும், ஸ்பீக்கரில் அவள் குரல்: "சாப்டியாமா? அங்க குளிரா இருக்கா?" அந்தப் பிள்ளை ஃபோனைக் கையில் பிடித்தபடி எதுவும் பேசவில்லை. அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுத்தோம்.