கைத்தொலைபேசியைப் பாடம் வாசிக்க வைப்போம்

ஒட்டுசுட்டான், துணுக்காய் போன்ற வன்னியின் உட்பகுதிப் பாடசாலைகளில், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்பட்டாலும் காதால் கேட்டு நன்றாக விளங்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியே பெருந்துணையாகும். இணையம் சீராகக் கிடைக்கும் இடத்தில், எழுத்தைப் பேச்சாக்கும் கூகுளின் தமிழ்க் குரலை ஒருமுறை பதிவிறக்கி வைத்தால், பின்னர் இணையமின்றியும் அது வாசிக்கும். ஆயினும், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பயிற்சித்தாள்களை அக்குரல் பொருளற்ற ஒலிகளாகவே உச்சரிக்கும் என்பதால், அவற்றை முதலில் இன்றைய கருவிகள் அறியும் ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துமுறைக்கு மாற்றுவது மிக அவசியம். இதைச் செய்யாமல் கருவியே பயனற்றது என்று கைவிடுவது பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. அச்சிட்ட பக்கமாயின், இணையம் உள்ளபோது கூகுள் லென்ஸால் படமெடுத்து எழுத்தைப் பிரித்தெடுக்கலாம். குரலின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, கேட்கும் வரியிலேயே பிள்ளை விரல்வைத்துத் தொடருமாறு பழக்குங்கள்.