பழைய தோட்டாவுக்கு ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய பாணி ஒற்றைத் தோட்டா ரைஃபிள் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது குழலில் பொறித்த தோட்டாவின் பெயரை. .45-70 என்று இருந்தால், கடையில் .45-70 என்று எழுதிய எந்தப் பெட்டியும் அதற்குச் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற தவறுகளில் பணம்தான் போகும். இந்தத் தவறில் கண்ணும் கையும் போகலாம்.

.45-70 தோட்டாவை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது 1873-ல். 45 என்பது அங்குலத்தில் நூற்றுப் பங்காகக் குண்டின் விட்டம், ஏறத்தாழ. 70 என்பது 70 கிரெய்ன் (ஒரு சிறு எடை அலகு) கறுப்பு வெடிமருந்து. அதற்காகச் செய்த ட்ராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் பூட்டு, அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம், மேல்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் ஒரு மூடிதான். ஜான் பிரவுனிங் 1879-ல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து வந்த வின்செஸ்டர் 1885 ஹை வால், 1967-ல் வந்த ரூகர் நம்பர் 1 ஆகியவற்றில் கனத்த எஃகுக் கட்டை ஒன்று மேலும் கீழும் நகர்ந்து சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, அடைக்கிறது. பெயர் ஒன்று, தாங்கும் பலம் வேறு. அதனால்தான் தோட்டாவைத் தாங்களே நிரப்புபவர்களுக்கான மறுநிரப்புக் கையேடுகள் .45-70-க்கு மூன்று தனிப் பட்டியல் தருகின்றன: ட்ராப்டோருக்கு, லீவர் ரைஃபிளுக்கு, நம்பர் 1-க்கு. தொழிற்சாலைத் தோட்டாவுக்கான அமெரிக்கத் தர உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 28,000 பவுண்டு. நம்பர் 1 பட்டியல் அதைத் தாண்டி வெகுதூரம் போகும். அந்தப் பட்டியலின் நிரப்பு ஒன்று தவறி ட்ராப்டோரில் ஏறினால் பூட்டு தாங்காது. பெட்டியில் ‘+பி’ அல்லது ‘நவீன ரைஃபிளுக்கு மட்டும்’ என்று இருந்தால் அது பழைய துப்பாக்கிக்கு ஆகாது.

ஹை வால், லோ வால் இரண்டும் 1885தான் என்பதால் ஒன்று என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. லோ வாலில் பூட்டைச் சுற்றியுள்ள சுவர் தாழ்ந்திருக்கும். அது சிறு தோட்டாக்களுக்கு உரியது. அதில் புதுக் குழல் மாட்டி அழுத்தம் அதிகமான தோட்டாவுக்கு மாற்றியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

அடுத்தது அளவெடுக்காமல் வாங்குவது. பழைய குழல்களின் உள்ளளவு குழலுக்குக் குழல் மாறும். .38-55 நல்ல உதாரணம். கடையில் எளிதாகக் கிடைக்கும் செப்பு உறைக் குண்டு 0.375 அங்குலம். குண்டைச் சுழற்றக் குழலுக்குள் வெட்டிய புரியின் பள்ள விட்டம் பழைய குழல்களில் 0.379 அல்லது அதற்கும் மேல் இருப்பது சாதாரணம். அந்த இடைவெளியில் குண்டு புரியைப் பிடிக்காது, இலக்கில் சிதறும். ஜெர்மானிய 8×57-ல் ஆபத்து நேர் எதிர். பழைய குழலுக்கான குண்டு 0.318 அங்குலம், பின்னால் வந்தது 0.323. பெரிய குண்டைச் சின்னக் குழலில் திணித்தால் அழுத்தம் எகிறும்.

குழலை அளக்க மென்மையான சுத்த ஈயம் போதும். தூண்டிலுக்குப் போடும் முட்டை வடிவ ஈயக்குண்டு, பள்ள அளவைவிடச் சற்றுப் பெரியதாக எடுங்கள். குழலுக்குள் எண்ணெய் தடவி, வாய்ப்பக்கத்திலிருந்து மரத்தண்டால் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி மறுபக்கம் வெளியே எடுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். தட்டும்போது ஓரிடத்தில் ஈயம் திடீரென்று லேசாக ஓடினால், அங்கே குழல் விரிந்திருக்கிறது. வார்ப்பு ஈயக் குண்டு அந்த அளவைவிட 0.001 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். ட்ராப்டோருக்கு மூன்று பள்ளம்தான். பள்ளத்துக்கு எதிரே மேடு வருவதால் சாதாரண மைக்ரோமீட்டர் குறைத்துக் காட்டும், வி வடிவ அடி கொண்டது வேண்டும்.

சேம்பருக்கு செரோசேஃப் என்ற உலோகக் கலவை. கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே உருகும். சேம்பரைச் சுத்தம் செய்து, எக்ஸ்ட்ராக்டரை (சுட்ட உறையை வெளியே இழுக்கும் கொக்கி) கழற்றி, புரி தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் துணி அடைத்து, ஊற்றுங்கள். அது முதலில் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். ஆகவே அரைமணிக்குள் தண்டால் வெளியே தள்ளிவிடுங்கள். ஊற்றி ஒரு மணி நேரம் ஆனபோது எடுக்கும் அளவே சேம்பரின் உண்மை அளவு. நீளம் இங்கேதான் தெரியும்: .45-70 தோட்டாவின் உறை, அதாவது மருந்து நிற்கும் பித்தளைக் கூடு, 2.1 அங்குலம், .45-90 உறை 2.4. யாரோ எப்போதோ நீளமாகக் குடைந்துவிட்டு, குழலில் பழைய பொறிப்பை அப்படியே விட்டிருக்கலாம். விற்பவர் இந்த இரண்டு அளவும் எடுக்க அனுமதிக்காவிட்டால் அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுவதே நல்லது.

7×57 தோட்டாவுக்கு வந்த பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளான ரெமிங்டன் ரோலிங் பிளாக் அழகானது, விலையும் குறைவு. ஆனால் அவற்றில் பலவற்றின் ஹெட்ஸ்பேஸ், அதாவது பூட்டின் முகத்திலிருந்து சேம்பரில் உறை முட்டி நிற்கும் இடம் வரையுள்ள தூரம், இன்றைய தோட்டாவுக்கு அதிகமாக இருக்கும். உறை அடிப்பக்கத்துக்குச் சற்று முன்னால் இழுபட்டு அறுந்துபோகும். துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கேஜ் போட்டுப் பார்க்காமல் சுடக் கூடாது. ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) முனை தடித்திருந்தால், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் ஓட்டையாகி, வாயு முகத்தை நோக்கி வரும். பழைய துப்பாக்கிகளில் அந்த முனையைச் சன்னமாக்கிப் புஷ் போடும் வேலை அதற்காகத்தான்.

இந்தப் பூட்டுகளுக்கு உறையை இழுக்கும் பலம் போல்ட் ரைஃபிள் அளவுக்குக் கிடையாது. சேம்பரில் துருக்குழி இருந்தாலோ நிரப்பு கனமானாலோ உறை சிக்கிக்கொள்ளும். உறையின் அடியில் விளிம்புள்ள தோட்டா (.45-70, .303, .30-40 கிராக்) இவற்றுக்கு இயல்பாகப் பொருந்தும். வேறு காரணம் இல்லையென்றால் விளிம்புள்ளதையே எடுங்கள்.

புகையில்லா வெடிமருந்து நிரப்பும்போது ஒரு கண்ணி இருக்கிறது. இந்த உறைகள் கறுப்பு மருந்துக்காகப் பெரிதாகச் செய்தவை. வேகமாக எரியும் புகையில்லா மருந்து அடியில் கொஞ்சம்தான் நிற்கும். தவறி இரண்டு முறை போட்டாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. குண்டு பொருத்துமுன் எல்லா உறைகளையும் கட்டையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றின் மட்டத்தையும் பாருங்கள். கறுப்பு மருந்தில் விதி வேறு: மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இருக்கவே கூடாது. இருந்தால் குழலில் வளையமாகத் தழும்பு விழும். வாங்கும் துப்பாக்கியில் சேம்பருக்கு முன்னால் இருண்ட வளையம் ஒன்று தெரிந்தால், முன்பு யாரோ செய்த வேலை அது.

தூரத்தைப் பற்றிய கற்பனையும் பலரை ஏமாற்றுகிறது. 405 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,330 அடி வேகத்தில் போனால், 100 கஜத்துக்குக் குறி சரிசெய்தபின் 200 கஜத்தில் சுமார் 2 அடி தாழ்ந்து விழும். மான் எங்கே நிற்கிறது என்ற கணக்கு 30 கஜம் பிசகினாலும் விலங்கு காயத்தோடு ஓடிவிடும். 125 கஜத்துக்குள் நெருங்கிச் சுடத் தயாராக இருப்பவருக்கே இந்தத் தோட்டா. கனத்த நீளக் குண்டு வேண்டுமென்றால் புரியின் சுற்றையும், அதாவது எத்தனை அங்குலத்தில் அது ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். ட்ராப்டோரில் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நம்பர் 1-ல் 20. கிரீன்ஹில் சூத்திரப்படி குண்டின் துல்லியமான விட்டத்தின் (0.458 அங்குலம்) வர்க்கத்தை 150-ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால், தடுமாறாமல் பறக்கும் குண்டின் உச்ச நீளம் கிடைக்கும்: 22-க்கு ஏறத்தாழ 1.43 அங்குலம், 20-க்கு 1.57.

எடையைக் கடையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 34 அங்குலக் கனக் குழலோடு, ஷார்ப்ஸ் என்ற பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் நகல் 5 கிலோவைத் தாண்டும். இலக்குப் போட்டிக்கு அது அருமை, மலையேற்றத்துக்கு ஆகாது. பிறை வடிவ அடித்தகடு படத்தில் அழகு, கனத்த தோட்டாவில் அதன் கொம்பு தோளைக் குத்தும். தட்டையான அடியுள்ளதைக் கேளுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம். 1898 வரை செய்தவை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் பழம்பொருள். அது காகிதத்துக்கான தகுதி, பலத்துக்கான சான்று கிடையாது. லூசியானா போன்ற இடங்களில் பழமைக் கருவி வேட்டைப் பருவத்துக்கு .35 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவுள்ள, ஹாமர் வெளியே தெரியும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் என்று விதி எழுதியிருக்கிறார்கள். நம்பர் 1-ல் ஹாமர் உள்ளே. அந்தப் பருவத்துக்காக வாங்குபவர்கள் அவ்வருட விதியைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வெளியே ஹாமர் உள்ளதில் அரைக்கொக்கிச் சோதனையை விடாதீர்கள். அரைக்கொக்கி என்பது ஹாமரைப் பாதி இழுத்துப் பாதுகாப்பாக நிறுத்தும் நிலை. சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, ஹாமரை அரைக்கொக்கியில் நிறுத்தி, விசையை நன்றாக இழுங்கள். பிறகு விசையை விட்டுவிட்டு, கட்டைவிரலால் ஹாமரை முன்னே தள்ளுங்கள். இரண்டில் எதற்காவது அது விழுந்தாலோ நழுவினாலோ பல் தேய்ந்திருக்கிறது. பழுது பார்க்கும் செலவை விற்பவர் விலையில் கழித்தால் மட்டுமே மேலே பேசுங்கள்.