நிலத்தடி வெப்பப் பம்பு: குழி தோண்டும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

நிலத்தடி வெப்பப் பம்பு வைத்த வீட்டில் குளிரோ சூடோ சரியாக வரவில்லை என்றால், எல்லோரும் முதலில் திட்டுவது மெஷினை. பெரும்பாலும் அதன் மேல் தப்பே இருக்காது. குழி தோண்டும் முன் யாரோ போட்ட கணக்குதான் தப்பாக இருக்கும். மெஷின் 20 வருடம் ஓடும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். மண்ணுக்குள் போன குழாய் 50 வருடத்துக்கும் மேல் அங்கேயே கிடக்கும், அதை யாரும் தோண்டி எடுத்து மாற்றப் போவதில்லை. அதனால் செலவைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் தரைக்கு மேலே குறையுங்கள். கீழே கை வைக்காதீர்கள்.

இது எரிமலை வெப்பத்தை இழுக்கும் ஏற்பாடு இல்லை. சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை, அந்தப் பகுதியின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை ஒட்டி, கோடையிலும் குளிரிலும் பெரிதாக மாறாமல் இருக்கும். குழாயில் ஓடும் தண்ணீர் குளிர்காலத்தில் அங்கிருந்து வெப்பத்தை எடுத்து வருகிறது, கோடையில் வீட்டின் வெப்பத்தை அங்கே கொண்டுபோய் விடுகிறது. நடுவில் கம்ப்ரசர் செய்வது ஃப்ரிட்ஜ் செய்யும் அதே வேலைதான். நன்றாக அமைந்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 5 யூனிட் வரை வெப்பம் கிடைக்கும். அந்த 'நன்றாக அமைந்தால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைக் கெடுக்கும் முதல் ஆள், 'இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன்' என்ற குத்துமதிப்பு. ஒரே அளவுள்ள இரண்டு வீடுகளில், ஒன்றின் கூரையில் வெப்பக்காப்பு இருக்கும். இன்னொன்றின் ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடிக்கும். இரண்டுக்கும் ஒரே மெஷின் எப்படிப் பொருந்தும்? அறை அறையாக, சுவர், கூரை, கண்ணாடி, காற்றுக் கசிவு என்று பார்த்துக் கணக்குப் போட்டுத் தருபவரிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே கசிவுகளை அடைத்து, கூரைக் காப்பையும் சரிசெய்துவிடுங்கள். தேவை குறைந்தால் குழாய் இறக்கப் போடும் ஆழ்துளையின், அதாவது போரின், மீட்டரும் குறையும், அதில் மிச்சமாகும் பணம் சின்னப் பணம் இல்லை.

'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரிய மெஷின் வாங்குவதும் நல்லதல்ல. அது ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரசர் தேய்வது ஒரு பக்கம். கோடையில் காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாததால், அறை குளிர்ந்தும் பிசுபிசுவென்று இருக்கும். சின்ன மெஷினில் தொல்லை வேறு மாதிரி. கடுங்குளிரில் கூடவே வைத்திருக்கும் மின் ஹீட்டர் சத்தமில்லாமல் உதவிக்கு வந்துவிடும். வீடு கதகதப்பாகத்தான் இருக்கும். விஷயம் கரண்ட் பில் வரும்போதுதான் தெரியும்.

என்னைக் கேட்டால், மிகக் குறைவாகப் பேசப்படும் தவறு மண்ணின் வரவு-செலவைப் பார்க்காமல் விடுவதுதான். குளிர்காலத்தில் எடுத்த வெப்பம் கோடையில் ஓரளவாவது திரும்ப வர வேண்டும். சூடாக்க மட்டுமே பயன்படுத்தும் வீட்டில், போர் போதிய நீளம் இல்லையென்றால், மண் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே போகும். முதல் இரண்டு வருடம் எல்லாம் அருமையாக இருக்கும், போட்டவருக்கும் நல்ல பெயர். அப்புறம்தான் பில் ஏறும். வெயில் ஊர்களில் கதை தலைகீழ். அங்கே மண்ணே 25 டிகிரிக்கு மேல் இருக்கும், வருடம் முழுக்க ஏசி ஓடும், வீட்டு வெப்பம் முழுவதும் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும், திரும்பி வராது. வீட்டுக்குச் சூடே தேவைப்படாத இடத்தில், நல்ல இன்வர்ட்டர் ஏசியோடு ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். பல நேரம் ஏசிதான் ஜெயிக்கும்.

போர்களை நெருக்கமாகப் போடுவதும் இதே வியாதிதான். இடம் இல்லை என்று இரண்டு மூன்று மீட்டரில் அடுத்த போர் போட்டால், இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கும். 5, 6 மீட்டராவது இடைவெளி வேண்டும். மண்ணின் வகையையும் பாருங்கள்: ஈர மணல் கடத்தும் வெப்பம் காய்ந்த மணல் கடத்துவதைப் போல் சில மடங்கு. பக்கத்து வீட்டில் 100 மீட்டர் போதுமானதாக இருந்தது என்பது உங்கள் வீட்டுக்கு அத்தாட்சி ஆகாது.

போருக்குள் U வடிவக் குழாயை இறக்கியதும் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். தோண்டிய மண்ணையே மேலிருந்து தள்ளி மூடிவிடுவார்கள். கூடவே நின்று பாருங்கள். அப்படித் தள்ளினால் நடுநடுவே காற்றுப் பைகள் நிற்கும், அந்த இடங்களில் வெப்பம் கடக்காது. மேல்மட்ட அழுக்குத் தண்ணீர் நேராக நிலத்தடி நீரில் இறங்கவும் வழி திறந்துவிடும். சரியான முறை, பென்டோனைட் களிமண் கலவையைத் தனிக் குழாய் வழியாக அடியிலிருந்து மேல்நோக்கி நிரப்பிக்கொண்டு வருவது. சிலிக்கா மணலோ கிராஃபைட்டோ சேர்த்த கலவை வெப்பத்தை இன்னும் நன்றாகக் கடத்தும்.

இதெல்லாம் வீட்டோடு முடிகிற விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியின் ஸ்டாஃபன் என்ற சின்ன ஊரில் 2007-ல் நகர மன்றக் கட்டிடத்துக்காக 140 மீட்டர் வரை போர் போட்டார்கள். நிலத்தடி நீர், அடியில் இருந்த அன்ஹைட்ரைட் என்ற கனிம அடுக்குக்குள் புகுந்தது. அன்ஹைட்ரைட் தண்ணீர் குடித்தால் ஜிப்சமாக மாறி வீங்கும். பழைய ஊரின் தரை சென்டிமீட்டர் சென்டிமீட்டராக மேலே எழும்பி, 250-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் விரிசல் விட்டன. அடியில் என்ன பாறை இருக்கிறது என்று நிலவியல் வரைபடத்தைப் பார்ப்பதும், போருக்கு அனுமதி வாங்குவதும் வெறும் காகித வேலை இல்லை.

இடம் தாராளமாக இருந்தால் போருக்குப் பதில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் படுக்கை வாட்டில் குழாய் பதிக்கலாம், செலவு குறைவு. கூரான கற்கள் குழாயில் படாமல் மணல் மெத்தை போடுங்கள். அதன் மேல் கான்கிரீட் தளம் மட்டும் போடாதீர்கள். அந்த மண் வெப்பத்தைத் திரும்பப் பெறுவதே வெயிலிலும் மழையிலும்தான்.

குழாய் இணைப்புகளை உருக்கித்தான் ஒட்ட வேண்டும், மண்ணுக்குள் கிளாம்ப் ஆகாது. மூடும் முன் அழுத்தச் சோதனை, அப்புறம் வேகமான தண்ணீரால் காற்றை வெளியேற்றுவது. இதற்கு வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும், சாதாரணப் பம்பால் முடியாது. ஓடும்போது குழாயில் களகளவென்று சத்தம் கேட்டால் காற்று உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். உறைதடுப்பு திரவத்தை அளவுக்கு மேல் ஊற்றினால் கலவை தடித்து, பம்புதான் மின்சாரம் தின்னும்.

வீட்டுக்குள் வந்தால், வெந்நீரால் அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டரை அப்படியே வைத்துக்கொள்வது பெரிய தவறு. அது பாய்லரின் 60, 70 டிகிரித் தண்ணீருக்காகச் செய்தது. அறைத் தரைக்குள் வெந்நீர்க் குழாய் பதித்துச் சூடாக்கும் அமைப்புக்கு 35 டிகிரி போதும். மெஷின் 35-க்குப் பதில் 55 டிகிரிக்கு ஏறவேண்டியிருந்தால் கிடைக்கும் லாபத்தில் கணிசமான பகுதி அங்கேயே கரைந்துவிடும். காற்றுக் குழாய் வைத்த வீடானால், வரும் காற்று மிதமான சூடுதான், ஆனால் நிறைய வரவேண்டும். குறுகலான பழைய டக்ட் தாங்காது. தெர்மோஸ்டாட்டை இரவில் வெகுவாகக் குறைத்து, காலையில் ஒரேயடியாக ஏற்றும் பழக்கத்தையும் விடுங்கள். அந்த அவசரத்துக்கு மின் ஹீட்டர்தான் முதலில் ஓடிவரும்.

குழியை மூடும் முன், அளவு நாடாவோடு போட்டோ எடுத்து, வீட்டு மூலையிலிருந்து ஒவ்வொரு போரும் எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் குறித்து வையுங்கள். குழாய்க்கு மேலே எச்சரிக்கை நாடாவும் பதியுங்கள். பத்து வருடம் கழித்து வேலிக்கோ தண்ணீர்க் குழாய்க்கோ தோண்ட வருபவருக்கு அந்த ஒரு தாள்தான் வழி. பத்திரத்தோடு சேர்த்து வைத்தால், வீட்டை விற்கும்போது அதுவும் கைமாறும்.