கியூசார்ட் முந்தியது எப்படி? சார்ட்டிங் வேகத்தை அளப்பதில் நேரும் தவறுகள்

சி++ பழகும் ஒருவர் பத்து லட்சம் எண்களை இரண்டு விதமாக வரிசைப்படுத்திப் பார்க்கிறார். ஒன்று சி மொழியின் பழைய கியூசார்ட், இன்னொன்று சி++ நூலகத்தின் எஸ்டிடி சார்ட்; இது டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் பொருந்தும் பொது அச்சு. கியூசார்ட் முந்துகிறது. ‘டெம்ப்ளேட் என்றாலே சுமைதான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார். கம்பைல் செய்தபோது (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றியபோது) வேகத்துக்கான செப்பனிடலான ஆப்டிமைசேஷன் எதுவும் கேட்கவில்லை, அதாவது ஓ0 நிலை, என்பதை அவர் யோசிக்கவே இல்லை.

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கியூசார்ட், சி நூலகத்துக்குள் முன்பே ஆப்டிமைஸ் ஆகி பைனரியாகக் கிடக்கிறது. நாம் கொடுக்கும் ஆப்ஷன் அதைத் தொடாது. எஸ்டிடி சார்ட் டெம்ப்ளேட் ஆயிற்றே, நம் நிரலோடு சேர்ந்துதான் கம்பைல் ஆகும். ஓ0 என்றால் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு குட்டி ஃபங்ஷனும் தனித்தனி அழைப்பாகவே நின்றுவிடும். ஆப்டிமைசேஷனைக் கூட்டும் ஓ2 போட்டதும் நிலைமை மாறிவிடுகிறது: ஒப்பீட்டை லூப்புக்குள்ளேயே கம்பைலர் கரைத்துவிடுகிறது. கியூசார்ட்டோ ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் ஃபங்ஷன் பாயின்டர் (ஃபங்ஷன் இருக்கும் முகவரி) வழியாகப் போய்வர வேண்டும். பத்து லட்சம் எண்களுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி ஒப்பீடுகள்.

சரி, ஓ2 போட்டாயிற்று. அப்புறம் எஸ்டிடி சார்ட்டுக்கும் ஃபங்ஷன் பாயின்டரையே கொடுத்தால்? அந்த லாபம் கைநழுவக்கூடும். லாம்ப்டா (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் ஃபங்ஷன்) கொடுங்கள், ஒவ்வொரு லாம்ப்டாவும் தனி டைப் என்பதால் எந்தக் குறியீட்டை அழைக்கிறோம் என்பது கம்பைலருக்கு முன்பே தெரியும்.

நேரம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் மகிழ வேண்டாம். வரிசைப்படுத்திய அர்ரேயை நிரல் எங்குமே பயன்படுத்தாவிட்டால், அந்த வேலையையே தூக்கிவிட கம்பைலருக்கு உரிமை உண்டு. இரண்டு மூன்று உறுப்புகளையாவது அச்சிடுங்கள். ஒரே அர்ரேயைத் திரும்பத் திரும்ப அளப்பதும் வீண்: இரண்டாம் சுற்றில் அது ஏற்கெனவே வரிசையில் இருக்கும்.

எனக்கு மிகவும் பயம் தருவது, ஒப்பீட்டு ஃபங்ஷனில் சோம்பலாக எழுதும் ‘அ கழித்தல் ஆ’; விடை பூஜ்யத்துக்குக் கீழே என்றால் அ சிறியது என்று கணக்கு. 200 கோடியிலிருந்து மைனஸ் 200 கோடியைக் கழித்தால் விடை 32 பிட் இன்ட் எனும் முழு எண் டைப்பில் அடங்காது. குறியுள்ள எண்ணில் இப்படி வழிவதே நடக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ‘கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழா’ என்ற சோதனையை ‘அ, ஆவைவிடச் சிறியதா’ என்று மாற்றிவிடலாம். அப்போது ஓ2-வில் விடை சரியாக வரலாம், ஓ0-வில் வரிசை குலையலாம். ஆப்டிமைசேஷனைப் பழிக்கவும் வழியில்லை.