ஹீலியம் கடைசியில்தான்

அகச்சிவப்பு விண்தொலைநோக்கி வடிவமைக்க உட்காரும் மாணவர்கள் முதலில் கண்ணாடியின் விட்டத்தைத்தான் எழுதுகிறார்கள். நான் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வெப்பக் கணக்கைப் போடச் சொல்வேன். 300 கெல்வினில், அதாவது அறை வெப்பத்தில், இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகில்தான் அதிகமாக ஒளிர்கிறது. நாம் தேடும் ஒளியும் அங்கேதான். தொலைநோக்கியே விளக்காக எரிந்தால் மங்கலான விண்மீன் எப்படித் தெரியும்?

2003-ல் நாசா ஏவிய ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியைப் பாருங்கள். 85 செ.மீ. கண்ணாடி, குளிர்விக்க 360 லிட்டர் திரவ ஹீலியம். லிட்டருக்கு 145 கிராம், ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 21 ஜூல் என்று பெருக்குங்கள். கொதிக்கும் தண்ணீர் அரை லிட்டரை முழுக்க ஆவியாக்கும் வெப்பம், அவ்வளவுதான் அந்தத் தொட்டி தாங்கும். அதை வைத்து 2009 மே வரை ஓட்டினார்கள். வகுத்தால், ஹீலியத்துக்குள் கசிந்த வெப்பம் சராசரியாக 6 மில்லிவாட் என்று வருகிறது.

இவ்வளவு குறைவு எப்படிச் சாத்தியமானது? மற்ற வழிகளையெல்லாம் பார்த்த பிறகு கடைசியில்தான் ஹீலியத்திடம் போனார்கள். முதலில் பாதை. பூமியைச் சுற்றினால் பூமியின் வெப்பம் விடாது. ஸ்பிட்சர் பூமிக்குப் பின்னால் சூரியனைச் சுற்றியது. அடுத்து, சூரியத் தகடே நிழல் தந்தது. மறுபக்கம் கறுப்புப் பூச்சு, வெளிக்கூடு 40 கெல்வினுக்குக் கீழே தானாகவே இறங்கியது. உணர்விகள் மட்டும் ஹீலியம் வைத்த குளிர்குடுவைக்குள்; தொலைநோக்கியைச் சூடாகவே ஏவி, வெளியேறும் ஹீலியம் ஆவியால் குளிர்வித்தார்கள். இந்த யோசனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1995-ன் ஐஎஸ்ஓ என்ற ஐரோப்பிய அகச்சிவப்புத் தொலைநோக்கியில் எல்லாவற்றையும் குளிராகவே ஏவினார்கள்: 60 செ.மீ. கண்ணாடிக்கு 2,000 லிட்டருக்கு மேல் ஹீலியம், ஆனால் இரண்டரை ஆண்டுகூட வரவில்லை.

அப்புறம் கம்பிகள். ஆய்வகத்தில் நான் முதன்முதலில் 4 கெல்வின் குடுவைக்குள் வெப்பமானி பொருத்தியபோது தாமிரக் கம்பிக் கட்டை நேராக உள்ளே இழுத்துவிட்டேன். மூன்று நாள் வரவேண்டிய ஹீலியம் மறுநாள் காலையில் இல்லை. தாமிரம் வெப்பத்தை உள்ளே கடத்திவிட்டது. அதற்குப் பிறகு, வெப்பத்தை அதிகம் கடத்தாத மாங்கனின் என்ற உலோகக் கலவையில் முடி போன்ற கம்பிதான். ஒவ்வொரு குளிர்த்தட்டிலும் நாலைந்து சுற்றுச் சுற்றி ஒட்டிய பிறகே அடுத்த தட்டுக்கு இறக்குவேன்.

தொலைநோக்கியின் மூடியைத் திறக்கும் மின்சுற்றைத் தனியாகச் சோதியுங்கள். 1999-ல் வயர் என்ற தொலைநோக்கியின் மூடி முன்கூட்டியே கழன்றது. குளிர்விக்க வைத்திருந்த உறைந்த ஹைட்ரஜன் முழுவதும் சில நாட்களில் போய்விட்டது.

ஹீலியம் தீர்ந்த பிறகும் வேலை செய்யும் உணர்வியை இப்போதே சேர்த்துவிடுங்கள். ஸ்பிட்சரின் 3.6, 4.5 மைக்ரான் உணர்விகள் 28 கெல்வினிலும் 2020 ஜனவரி வரை படம் எடுத்தன.