ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள்: வீட்டில் கார்புரேட்டர் டியூன் செய்பவர்களுக்கு

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதைப் புதிதாகப் பிரிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், ஒரு காலத்தில் நான் அடித்த கூத்தையே அப்படியே அடித்துக்கொண்டிருப்பார்கள். கீழே தலைப்புகளாக இருப்பவை அந்தத் தவறுகள்தான். பெட்ரோலை மூடுவது, நெருப்பைத் தள்ளி வைப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஆறிய இன்ஜினில் டியூன் செய்வது

கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சோக்கை ஆஃப் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜெட்டில் கம்பி விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஓடும்போது, பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சிறு பாகம்தான் பைலட் ஜெட். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. உடனே கம்பி பிரஷ்ஷிலிருந்து ஓர் இழையைப் பிடுங்கி உள்ளே குத்துவார்கள். ஜெட் பித்தளை, அந்த இழை பெரும்பாலும் எஃகு. எது தேயும்?

கெய்ஹின் என்ற கார்புரேட்டர் பிராண்டின் பைலட் ஜெட்டில் 38 என்று இருந்தால் துளையின் விட்டம் 0.38 மி.மீ. குத்திக் குத்தி அது 0.42 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.04 தானே என்று தோன்றும். ஆனால் துளையின் பரப்பு சுமார் 22 சதவீதம் கூடியிருக்கும், பெட்ரோலும் அதற்கேற்ப அதிகமாக இறங்கும். ஜெட்டின் மேல் மட்டும் இன்னும் 38 என்றே இருக்கும்! அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நண்பர் ஒருவர் இப்படிக் குத்திவிட்டு மூச்சே விடவில்லை. ஐடிலிங்கில் கரும்புகை, ப்ளக்கெல்லாம் கரி. ஊசியின் கிளிப்பை மாற்றினார், ஃப்ளோட்டின் உயரத்தை மாற்றினார், புது ப்ளக் போட்டார். எல்லாமே ஒழுங்காக இருந்த பாகங்கள். ஜெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் துளையின் ஓரம் கீறிக் கோணியிருந்தது தெரிந்தது. புது ஜெட் போட்டதும் புகை நின்றது. ஆனால் அவர் கலைத்துப் போட்டதையெல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

கார்புரேட்டர் கிளீனரில் ஊற வையுங்கள், அப்புறம் காற்றடியுங்கள். தேவைப்பட்டால் மெல்லிய நைலான் இழை விடலாம். அதற்கும் அசையவில்லையா, புது ஜெட் வாங்குங்கள். கார்புரேட்டரிலேயே மலிவான பாகங்களில் அது ஒன்று.

ஐடிலிங் கோளாறுக்கு மெயின் ஜெட்டை மாற்றுவது

ஆக்சிலரேட்டரை முக்கால்வாசி திருகிய பிறகுதான் மெயின் ஜெட்டின் ஆட்சி. அதைத் தொடாதீர்கள்.

எந்த ஸ்க்ரூ என்று பார்க்காமல் திருகுவது

ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது பெரும்பாலும் ஏர் ஸ்க்ரூ. வெளியே திருகினால் லீன், அதாவது கலவையில் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருப்பது மிக்ஸ்சர் ஸ்க்ரூ. வெளியே திருகினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடும். கழற்றும் முன், லேசாக உட்காரும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். லேசாக என்றால் லேசாகத்தான். இறுக்கினால் ஸ்க்ரூவின் முனை மட்டுமல்ல, அது உட்காரும் துளையும் போய்விடும். அப்புறம் கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றுவது

எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

காற்றுக் கசிவுக்கு கார்புரேட்டரைத் திட்டுவது

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் விரிசல் விட்டால், ஐடிலிங் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும். எந்த ஸ்க்ரூவுக்கும் அது கட்டுப்படாது. ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் அந்த ரப்பரை வளைத்து, மடிப்புகளுக்குள் பாருங்கள். விரிசல் அங்கேதான் ஒளிந்திருக்கும்.